சிப்பிப் பலகாரத்துக்கு ஒரு வரிக்கோது

யாழ்ப்பாணத்துக் குசினியில் சிப்பி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று கடலில் கிடப்பது. மற்றது தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் பொரித்து, சீனிப்பாகில் பிரட்டி, பிஸ்கட் ரின்னில் அடைத்து வைப்பது. இரண்டாவதைச் செய்ய முதலாவதே நல்ல அச்சு என்பது இன்று பல வீடுகளில் மறந்துபோய்விட்டது. முள்ளுக்கரண்டியிலும் புதுச் சீப்பிலும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் அச்சிலும் மாவை அழுத்திப் பழகிவிட்டோம்.

என் அம்மம்மாவிடம் ஒரு மட்டிக்கோது, அதாவது மட்டியின் ஓடு, இருந்தது. உள்ளங்கையில் பாதிக்கு மேல் வராது. வெளிப்பக்கம் விசிறியை விரித்ததுபோல வரிகள். உச்சியில் ஒரு சின்னத் துளை, அதில் கோத்த நூல், நூலோடு குசினிச் சுவரில் ஓர் ஆணி. வருடத்தில் இரண்டு தரம்தான் அந்த ஆணியிலிருந்து இறங்கும். அதில் உருட்டிய சிப்பியில் வரி ஆழமாக விழும், பொரித்த பிறகும் மறையாது, பாகு அந்த வரிகளுக்குள் போய் வெள்ளையாக உறையும். பிளாஸ்டிக் அச்சின் வரி மேலோட்டமானது. பாகு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தின் அடியில் போய்த் தேங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

இதற்கு முன் கோதே கையில் எடுக்காதவர்களும் செய்யக்கூடியபடி, கரையில் தொடங்கி ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

எந்தக் கோதைத் தேடுவது

மட்டிக்கு இரண்டு கோது. முதுகுப் பக்கத்தில் ஒரு கீல் அவற்றைப் பிணைக்கிறது. கீலில் இருக்கும் இழுபடும் நார் கோதை எப்போதும் திறக்கவே பார்க்கும். உள்ளே இருக்கும் தசைகள்தான் அதை இழுத்து மூடி வைத்திருக்கின்றன. உயிர் போனதும் தசை தளர, கோது விரிந்துவிடும். கறிச்சட்டியில் மட்டி வாய் திறப்பதும் இதனால்தான். காலியான கோதின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தசை ஒட்டியிருந்த இடம் மங்கலான தழும்பாகத் தெரியும்.

பலகார அச்சுக்கு வேண்டியது வரி ஓடிய மட்டி. உச்சியிலிருந்து ஓரம் வரை நேராக இறங்கும் மேட்டு வரிகள் இருக்க வேண்டும். சில மட்டிகளில் உச்சியைச் சுற்றிக் குறுக்காக வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். அவை கோது வளர்ந்த அடையாளம், மாவில் அவ்வளவு நன்றாகப் பதியாது. மேட்டு வரி உள்ளவற்றில் எனக்குப் பிடித்தது இரத்தமட்டியின் கோது. நம் இரத்தத்தில் உள்ள அதே சிவப்புப் பொருள் அதன் உடம்பிலும் இருப்பதால் சதை சிவப்பாக இருக்கும், பெயரும் அதனால் வந்தது. கோதை அடையாளம் காண வரிகளை மட்டும் நம்ப வேண்டாம். கீல் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். நேர்கோடாக இருக்கும், அதில் பேன்சீப்புப் பல் போல நுண்ணிய பற்கள் வரிசையாக இருக்கும். விரல் நகத்தை அதன்மேல் இழுத்தால் ‘கிர்’ என்று கேட்கும்.

வழவழப்பான மட்டியையும் விட்டுவிட வேண்டாம். அது அச்சுக்கு ஆகாது, வேறு வேலைக்கு ஆகும். பிறகு சொல்கிறேன்.

முத்துச்சிப்பியின் கோது கிடைத்தால் சிலர் ஆசையோடு குசினிக்குக் கொண்டுவருவார்கள். சுவாதி நட்சத்திரத்து மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். உண்மையில் உள்ளே புகுந்து உறுத்தும் ஒரு பொருளைச் சுற்றிச் சிப்பி படலம் படலமாகப் பூசும் பூச்சுத்தான் முத்து. கோதின் உட்பக்க மினுக்கமும் அதே பூச்சுத்தான். முத்துச்சிப்பி படிந்து கிடக்கும் பேர்போன கடலடித் திட்டுகள், முத்துப்பார்கள், மன்னார்ப் பக்கம், அரிப்புக் கடலில் இருந்தவை. பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கோதின் வெளிப்புறம் செதில் செதிலாக உதிரும், மாவில் கலந்துவிடும். அதை அலமாரியில் வையுங்கள்.

கரையில்

வாடைக்காற்று அடங்கி, மாரி கழிந்த தை மாசியில் போவது என் வழக்கம். மாரிக் கடல் தள்ளிவிட்டது எல்லாம் அப்போது கரையில் கிடக்கும். காரைநகர் கசூரினாவிலும் வேலணைச் சாட்டியிலும் நடக்கவும் சுகம், பொறுக்கவும் சுகம். கடனீரேரிப் பக்கம் போவதென்றால் சேறு பார்த்துக் கால் வையுங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள். உடைந்த கோது பாதத்தைக் கிழித்தால் இலகுவில் ஆறாது.

கரையில் கிடக்கும் சிறு சிப்பி சங்குகளை ஊரி என்பார்கள். காரைநகரில் ஊரி என்றே ஓர் இடம், வல்வெட்டித்துறையில் ஊரிக்காடு. பூநகரியோடு குடாநாட்டை இணைக்கும் பாலம் இருக்கும் இடம் சங்குப்பிட்டி. உடுவில் பக்கத்தில் சங்குவேலி. கடலுக்குள் கிடப்பதன் பெயரை ஊருக்கு வைத்த மனிதர்கள் நாங்கள். பொறுக்கும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

பொறுக்குவதில் எனக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உயிரோடு இருப்பதை எடுக்கக் கூடாது. இரண்டு கோதும் இறுக மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அது தன்பாட்டில் இருக்கட்டும். ‘மட்டி’ என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம், புத்தி மந்தமானவன் என்ற அர்த்தத்தில். அந்தப் பிராணி செய்யும் வேலையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. மண்ணுக்குள் புதைந்தபடி தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளில் உணவை வடித்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே விடும். நாள் முழுக்க இதே வேலை. கலங்கிய களப்புத் தண்ணீர் தெளிவதில் அதற்கும் பங்கு உண்டு. இதே காரணத்தால், ஊர்க் கழிவு வந்து விழும் வாய்க்கால் பக்கத்தில் பிடித்த மட்டியைக் கறிக்கு வாங்கக் கூடாது. தண்ணீரில் உள்ள அழுக்கும் கிருமியும் அதன் உடம்பில் சேர்ந்துவிடும்.

சுண்டிக்குளம், நெடுந்தீவு போன்ற இடங்களில் தேசியப் பூங்கா எல்லைக்குள் ஒன்றும் பொறுக்காதீர்கள். உயிரற்ற கோதும் அங்கே கிடக்க வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று: ராட்சத மட்டியின் கோதும் முருகைக்கல்லும் சூட்கேசில் வைக்கும் பொருள் அல்ல. அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும், விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

எத்தனை எடுப்பது? ஆறு ஏழு வரிக்கோது எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் வைத்துப் பார்த்தால் அதில் ஒன்றுதான் தேறும். அந்த ஒன்று ஆயுளுக்கும் போதும். மிச்சத்தை அடுத்த முறை போகும்போது கரையிலேயே போட்டுவிடலாம்.

உச்சிப் பக்கம் அச்சடித்ததுபோல வட்டத் துளையோடு சில கோதுகள் கிடைக்கும். ஓரம் உள்நோக்கிச் சரிந்து, தச்சன் துளைத்ததுபோல இருக்கும். அது மட்டியைத் தின்னும் ஒரு கடல் நத்தை போட்ட துளை. கோதைத் துளைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். நூல் கோக்க அதைவிட நல்ல துளை நம்மால் போட முடியாது. என் அம்மம்மாவின் கோதில் இருந்ததும் அதுதான். அவர் யாரிடமோ கொடுத்துத் துளைத்தார் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழுவி எடுத்தல்

முதல் நாள் ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஊறவிடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று தரம் மாற்றுங்கள். உப்பும் மண்ணும் போய்விடும்.

மறுநாள் பழைய பல்லுத்தூரிகையால் ஒவ்வொரு வரிப்பள்ளமாகத் தேய்க்க வேண்டும். வரிக்குள் பாசி, மண்ணிறத் தோல், சில சமயம் மயிர்போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுமையான வேலை. பிறகு ஒரு பழைய சட்டியில் கோது மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா போட்டுக் கால் மணிநேரம் கொதிக்க விடுங்கள். ஆறிய பிறகு இன்னொரு தரம் தேய்த்தால் மிச்சமும் வரும். சுளகில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். முகர்ந்து பாருங்கள். கடல் வாடை கொஞ்சமும் இருக்கக் கூடாது. இருந்தால் திரும்பவும் கொதிக்க வையுங்கள்.

வினாகிரியில் போடாதீர்கள். சீக்கிரம் வெள்ளையாகும் என்று நம்பி நான் ஒரு நல்ல கோதை இரவு முழுக்க வினாகிரியில் ஊறப்போட்டேன். காலையில் எடுத்தபோது வரிகள் மழுங்கி, தொட்டால் கையில் வெண்கட்டித் தூள் மாதிரி ஒட்டியது. கோது முழுக்கச் சுண்ணாம்புப் பொருள். புளிப்பு அதைக் கரைத்துவிடும். சூளையில் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் இதே கோதுதான் நீற்றுச் சுண்ணாம்பாகிறது, வெற்றிலைக்கும் அந்தக் காலத்து வீட்டுச் சுவருக்கும் போனது. வினாகிரி, தேசிக்காய், பழப்புளி மூன்றும் கோதுக்குப் பகை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குசினியில் கோது புழங்கும் வரை இந்த விதி மாறாது.

ஓரம் தேய்த்தல்

விரலால் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பாருங்கள். கூர் இருந்தால் தேய்க்க வேண்டும். சாணைக்கல்லில், இல்லாவிட்டால் பழைய அம்மியின் பின்புறத்தில், தண்ணீர் விட்டு விட்டுத் தேயுங்கள். தண்ணீர் இல்லாமல் தேய்க்கவே கூடாது. கோதுத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சுக்குக் கூடாது. மெஷினில் தேய்ப்பவர்கள் மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் போட வேண்டும், கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும்.

துளை இல்லாத கோதில் துளை போட விரும்பினால், அடியில் பலகைத் துண்டு வைத்து, கோதின்மேல் தண்ணீர் சொட்ட விட்டு, மெல்லிய துளைகருவியை ஆறுதலாக ஓட்டுங்கள். அழுத்தினால் வெடிக்கும். எனக்கு மூன்றில் ஒன்று வெடித்தது. துளை இல்லாமலும் பலகாரம் வரும். தொங்கவிடத்தான் துளை.

கடையில் வாங்குவதென்றால்

எல்லாராலும் கரைக்குப் போக முடியாது. சிப்பியில் செய்தது என்று கரண்டி, கிண்ணம், உப்புச்சாடி எல்லாம் விற்கிறார்கள். அதில் பாதி பிளாஸ்டிக் பிசினில் வார்த்தது. கையில் எடுத்தால் உண்மைக் கோது குளிர்ச்சியாக இருக்கும், பிசின் உடனே கைச்சூட்டை வாங்கிவிடும். வாங்கிய பிறகு சந்தேகமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தை ஊசியால் சுரண்டி, அந்தத் தூளில் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். கோது என்றால் பொடிப்பொடியாக நுரைக்கும். பிசின் என்றால் சும்மா இருக்கும். பார்த்ததும் கழுவிவிடுங்கள்.

வார்னிஷ் பூசி மினுக்கியதை உணவுக்குப் பாவிக்க வேண்டாம். அலங்காரத்துக்கு விற்பதில் அனேகமாக வார்னிஷ் இருக்கும்.

வழவழப்பான கோதின் வேலை

ஆழமான, வழுக்கலான மட்டிக்கோது ஒன்றை உப்புச்சாடியில் போட்டுப் பாருங்கள். ஆனையிறவுக் கல்லுப்பு ஈரம் இழுக்கும், இரும்புக் கரண்டி சில மாதத்திலேயே துருப்பிடிக்கும். கோதுக்கு உப்பு பழக்கமானது. பிடியும் வேண்டாம், பெருவிரலும் இரண்டு விரலும் பிடிக்கப் போதும். ஒரே கோதால் அள்ளிப் பழகினால் கறிக்கு உப்புக் கணக்கும் கைவசப்படும். சீனி, மிளகு, கடுகுக்கும் இதுபோலப் பாவிக்கலாம்.

பிடி வைத்த சிப்பி அகப்பை செய்ய முதலில் இறங்காதீர்கள். மூங்கிலின் நுனியைப் பிளந்து கோதைக் கவ்வ வைத்து, துளைகள் வழியே நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பார்க்க வடிவு. ஆனால் எங்கள் கறிகளில் பாதிக்குமேல் புளி விடுகிறோம், ஒடியற்கூழ் உட்பட. சிரட்டை அகப்பை இருக்கும்போது அந்த வேலைக்குக் கோது தேவையில்லை.

சங்கின் கதை வேறு. குசினியில் அதற்கும் இடம் இருந்தது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டவும் மருந்து உரைத்துக் கொடுக்கவும் வீட்டில் ஒரு சங்கு இருக்கும். சின்னச் சங்கைத் தேய்த்துச் செய்தது, பின்னர் அதே வடிவத்தில் வெள்ளியில் வந்தது. எங்கள் கடலில் குளித்தெடுத்த சங்குகள் வங்காளம் வரை கப்பலேறி, அங்கே கலியாணப் பெண்களின் கை வளையலாகின. வீட்டில் பழைய பால்சங்கு இருந்தால் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்குப் பாவிக்க நினைத்தால், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒன்றும் வேண்டாம் என்பதை நினைவில் வைத்திருங்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்தே எடுக்க வேண்டும். சங்கின் உட்சுருளில் பால் தங்கினால் கழுவ முடியாது.

சிப்பி உருட்டுதல்

சரி, இனிப் பலகாரம்.

கால் கிலோ கோதுமை மாவை அரித்து எடுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய நெய்யும் விட்டு, விரல் நுனியால் மா முழுக்கப் பரவும்படி பிசறுங்கள். தேங்காய் முதற்பாலை இளஞ்சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். அரைக் கோப்பைக்கு மேல் போகாது. ரொட்டி மாவைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் வரி பதியாது, பதிந்தாலும் எண்ணெயில் மறைந்துவிடும். முதன்முறை செய்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஈரத்துணியால் மூடி அரை மணிநேரம் வைத்தால் மா அடங்கும்.

கோதின் முதுகில், அதாவது வரி உள்ள வெளிப்பக்கத்தில், துளி எண்ணெய் தடவுங்கள். கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிய மா உருண்டை ஒன்றை அதன்மேல் வைத்து, பெருவிரலால் அழுத்தி, ஓரத்தை நோக்கி இழுங்கள். மா மெல்லிய இலையாக விரியும். இப்போது ஓரத்திலிருந்து உச்சி நோக்கி அதைச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். கையில் வருவது சுருண்ட, வெளியே வரியோடிய ஒரு குட்டிச் சிப்பி. ஓரம் ஒட்டும் இடத்தை மெல்ல அமத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் விரிந்துவிடும்.

முதல் பத்து சரிவராது. பதினோராவதில் பெருவிரல் தானாகவே கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் நாலு பேர் சுற்றியிருந்து உருட்டுவோம். பெரியம்மா எங்களைப் பார்த்து, “பிள்ளை, அழுத்தாதை, இழு” என்று சொல்லிக்கொண்டே இருப்பா. அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

உருட்டியதைப் பேப்பரில் பரப்பி, கால் மணிநேரம் காற்றாட விடுங்கள். தாச்சியில் எண்ணெயை நடுச்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மாத்துண்டு போட்டால் உடனே துள்ளி எழாமல், ஆறுதலாக மேலே வர வேண்டும். சூடு கூடினால் வெளியே சிவந்து உள்ளே வேகாது, மறுநாள் மெத்தென்று ஆகிவிடும். எண்ணெயின் சலசலப்பு அடங்கும் வரை பொரித்து, கண்ணகப்பையால் அள்ளி எடுங்கள். கோது இந்தக் கொதிக்கும் எண்ணெய்ப் பக்கமே போகக் கூடாது. அதற்குள் ஈரம் தங்கியிருந்தால் வெடித்துத் தெறிக்கும்.

பாகுக்கு இருநூறு கிராம் சீனியும் கால் கோப்பைத் தண்ணீரும். சீனி கரைந்து நுரைத்து, விரலுக்கிடையில் தொட்டு இழுத்தால் தடித்த கம்பியாக வர வேண்டும். கரண்டியிலிருந்து ஒரு துளியைத் தட்டில் விட்டு ஆறவைத்தே தொட்டுப் பாருங்கள், கொதிக்கும் பாகு கையைப் பொசுக்கும். வேறு பலகாரங்களுக்குப் பாகு உறையாமல் இருக்கத் தேசிக்காய் பிழிவார்கள். இங்கே பிழிந்துவிடாதீர்கள், இதற்குப் பாகு உறையத்தான் வேண்டும். அடுப்பை அணைத்து, ஏலக்காய்த் தூள் தூவி, சிப்பிகளைக் கொட்டிக் கைவிடாமல் பிரட்டுங்கள். முதலில் பளபளவென்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். நம்பிக்கை இழக்காமல் பிரட்டிக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் பாகு மங்கி, வெள்ளை பூத்து, சிப்பிகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து கலகலவென்று சத்தம் போடும். கரையில் ஊரியை அள்ளிக் கொட்டினால் கேட்கும் அதே சத்தம்.

நன்றாக ஆறிய பிறகே ரின்னில் அடையுங்கள். காற்றுப் புகாமல் மூடினால் இரண்டு மூன்று கிழமைக்கு மொறுமொறுப்புக் குறையாது.

கோதை மறக்காமல் அன்றைக்கே கழுவுங்கள். வரிப்பள்ளத்தில் மா காய்ந்தால் எடுப்பது கஷ்டம். தூரிகையால் தேய்த்து, சுடுதண்ணீரில் ஒரு தரம் அலசி, வெயிலில் காயவைத்து, நூலைப் பிடித்து ஆணியில் மாட்டிவிடுங்கள். மாவில் இருந்த எண்ணெய் வருடா வருடம் ஊறி, கோது மெல்ல மெல்ல மஞ்சள் பாய்ந்த தந்த நிறத்துக்கு வரும். அம்மம்மாவின் கோது இப்போது என் குசினியில் தொங்குகிறது. அதன் நிறம் அதுதான்.